எல்எல்ஆர், எட்டு, கத்திப்பாரா: சிஸ்டம் அட்மினுக்கு சர்ட்டிஃபிகேட் எதுக்கு?

எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.

நம்ம இன்பாக்ஸ்ல மாசம் தவறாம வர்ற ஒரு கேள்வி இருக்கு. "ஆர்ஹெச்சிஎஸ்ஏ பண்ணலாமா? ஏடபிள்யூஎஸ் பண்ணலாமா? எது பண்ணா வேலை கிடைக்கும்?" வழக்கமா ரெண்டு வரியில பதில் போட்டு அனுப்பிடுவேன். போன வாரம் வந்த மெயிலுக்கு அப்படி அனுப்ப மனசு வரல.

எழுதினவங்க பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்காங்க. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சவங்க. ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனியில ரெண்டு வருஷமா சர்வீஸ் டெஸ்க், நைட் ஷிஃப்ட். பாஸ்வேர்ட் ரீசெட், விபிஎன் கனெக்ட் ஆகல, பிரின்டர் வேலை செய்யல, இதுதான் தினம் வர்ற டிக்கெட். லினக்ஸ் அட்மின் ஆகணும்னு ஆசை. ஒரு டிரெய்னிங் சென்டர்ல விசாரிச்சிருக்காங்க. ஆர்ஹெச்சிஎஸ்ஏ, ஆர்ஹெச்சிஇ, ஏடபிள்யூஎஸ் மூணும் சேர்த்து 60,000 ரூபாய், "100 சதவீதம் பிளேஸ்மென்ட்". அம்மா, "என் வளையலை அடகு வெச்சுக்கோ"ன்னு சொல்லிட்டாங்களாம். கேள்வி இதுதான்: "வைக்கலாமா?"

இதுக்கு நேர்மையா பதில் சொல்லணும்னா, இந்த சர்ட்டிஃபிகேட் எல்லாம் எதுக்காக வந்துச்சு, எதை அளக்குது, எதை அளக்காதுன்னு முதல்ல பேசணும். வாங்க.

படிப்பே இல்லாத வேலை

சிஸ்டம் அட்மின் வேலைக்குன்னு தனியா ஒரு டிகிரி கிடையாது. இன்ஜினியரிங்ல ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ்னு ஒரு பேப்பர் எழுதியிருப்போம். பேஜ் ரீப்ளேஸ்மென்ட், பேங்கர்ஸ் அல்காரிதம், செமஃபோர் எல்லாம் படிச்சிருப்போம். நல்ல பேப்பர்தான். ஆனா ஓடிக்கிட்டிருக்கிற சர்வர்ல, யாருக்கும் இடைஞ்சல் இல்லாம டிஸ்க் சைஸை எப்படி கூட்டுறதுன்னு அதுல எங்கேயும் வராது. எஸ்எஸ்ஹெச் கீ எப்படி நிர்வாகம் பண்றது, பேட்ச் எப்போ போடுறது, எதுவுமே வராது.

ஆக, ஒருத்தர் இந்த வேலைக்குத் தகுதியானவரா இல்லையான்னு மார்க் ஷீட் பார்த்து சொல்ல முடியாது. வேலை கொடுக்கிறவருக்கு இது பெரிய தலைவலி. பொருளாதாரத்துல இதுக்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. 1970-ல ஜார்ஜ் அக்கர்லாஃப், பழைய கார் சந்தையை வெச்சு ஒரு கட்டுரை எழுதினார். விக்கிறவருக்குக் காரோட உண்மை நிலை தெரியும், வாங்கிறவருக்குத் தெரியாது. அதனால வாங்கிறவர் எல்லா காரையும் சந்தேகத்தோட குறைச்சலா மதிப்பார், நல்ல காரும் அடிபட்டுப் போகும். 1973-ல மைக்கேல் ஸ்பென்ஸ் இதையே வேலைச் சந்தைக்குக் கொண்டு வந்தார். திறமை உள்ளவர் தன்னைத் தனியா காட்டிக்க ஒரு அடையாளம் வேணும். அந்த அடையாளத்தை வாங்கறது திறமை உள்ளவருக்கு சுலபமாவும், இல்லாதவருக்குக் கஷ்டமாவும் இருந்தாத்தான் அதுக்கு மதிப்பு. ரெண்டு பேருக்கும் 2001-ல, ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸோட சேர்த்து பொருளாதார நோபல் கிடைச்சது.

அந்தக் கடைசி நிபந்தனையை ஞாபகம் வெச்சுக்கோங்க. திறமை இல்லாதவருக்கு வாங்கறது கஷ்டமா இருக்கணும். ஒரு சர்ட்டிஃபிகேட்டை எடை போட இந்த ஒரு கேள்வி போதும்.

பேப்பர் எம்சிஎஸ்இ

80களோட கடைசியில நாவெல் கம்பெனி, தன்னோட நெட்வேர் சிஸ்டத்துக்கு சிஎன்இ-ன்னு ஒரு சர்ட்டிஃபிகேட் கொண்டு வந்துச்சு. அதை வெச்சிருந்தவங்களுக்கு அப்போ நல்ல மரியாதை. அப்புறம் விண்டோஸ் என்டி காலம். மைக்ரோசாஃப்ட்டோட எம்சிஎஸ்இ வந்துச்சு. 90களோட கடைசியில இது ஒரு அலை மாதிரி அடிச்சுது. தேர்வு பெரும்பாலும் சாய்ஸ் கேள்வி. நாலு ஆப்ஷன்ல ஒண்ணு டிக் பண்ணணும்.

அங்கதான் சிக்கல். சாய்ஸ் கேள்விகளை மனப்பாடம் பண்ண முடியும். தேர்வு எழுதிட்டு வெளிய வர்றவங்க கேள்விகளை ஞாபகம் வெச்சு எழுதிப்போட, அதை ஒரு தொகுப்பா ஆக்கி விக்க ஆரம்பிச்சாங்க. நாம "டம்ப்"னு சொல்றோமே, அதான். இது அந்தக் கம்பெனிகளுக்கு எவ்வளவு பெரிய தலைவலின்னா, 2002-ல அமெரிக்காவுல மைக்ரோசாஃப்ட் தேர்வுக் கேள்விகளை வெப்சைட் வெச்சு வித்த ஒருத்தர் மேல வணிக ரகசியத் திருட்டு வழக்கே வந்து, அவர் குற்றத்தை ஒப்புக்கிட்டார்.

அந்தக் காலத்துலதான் "பேப்பர் எம்சிஎஸ்இ"ங்கிற கிண்டல் பேர் வந்துச்சு. கையில பேப்பர் இருக்கும், சர்வர் ரூம் உள்ள போனா எந்த வயர் எங்க போகுதுன்னு தெரியாது. இதுல நிஜமா அடிபட்டது யாரு? ராத்திரி பகலா லேப்ல உட்கார்ந்து ஒழுங்கா படிச்சு எழுதினவங்க. அவங்க கையில இருந்ததும் அதே பேப்பர்தானே. அக்கர்லாஃப் சொன்ன பழைய கார் கதை அப்படியே நடந்துச்சு.

எல்எல்ஆரும் எட்டும்

இப்போ நம்ம ஊர் உதாரணத்துக்கு வருவோம். டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போனா முதல்ல எல்எல்ஆர். கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து சிக்னல் படம் பார்த்து டிக் பண்ணணும். அடுத்து எட்டு போடணும். காலை ஊனாம வண்டியை ஓட்டிக் காட்டணும். எட்டை மனப்பாடம் பண்ண முடியாது.

சிஸ்டம் அட்மின் தேர்வுகள்லயும் இந்த ரெண்டு வகை இருக்கு. ஏடபிள்யூஎஸ்ஸோட அசோசியேட் லெவல் தேர்வுகள், லினக்ஸுக்கான எல்பிஐசி-1, இதெல்லாம் பெரும்பாலும் எல்எல்ஆர் வகை. ரெட் ஹேட் நடத்துற ஆர்ஹெச்சிஎஸ்ஏ எட்டு போடுற வகை. அதுல சாய்ஸ் கேள்வியே கிடையாது. 3 மணி நேரம். நிஜ லினக்ஸ் மெஷின் கொடுத்துடுவாங்க. இன்டர்நெட் கிடையாது, சிஸ்டத்துக்குள்ளயே இருக்கிற மேன் பேஜ்தான் துணை. யூசர் உருவாக்கு, டிஸ்க்கை பிரிச்சு மவுன்ட் பண்ணு, ஃபயர்வால் திற, எஸ்இலினக்ஸ் பிரச்சினையை சரி பண்ணுன்னு வேலைகள் இருக்கும். மொத்தம் 300 மார்க், பாஸ் ஆக 210.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. நீங்க செஞ்ச எல்லாமே ரீபூட்டுக்கு அப்புறமும் வேலை செய்யணும். மவுன்ட் கமாண்ட் அடிச்சு டிஸ்க்கை இணைச்சிட்டு, எஃப்எஸ்டேப் ஃபைல்ல எழுத மறந்துட்டா, ரீபூட் ஆனதும் அது காணாமப் போயிடும். மார்க்கும் போயிடும். எஃப்எஸ்டேப்ல தப்பா எழுதிட்டா இன்னும் மோசம், மெஷின் ஒழுங்கா பூட்டே ஆகாது. நிஜ வேலையிலயும் இதேதான். பகல்ல அவசரத்துக்கு ஒரு கமாண்ட் அடிச்சு சரி பண்ணிட்டுப் போயிடுவோம். மூணு மாசம் கழிச்சு பேட்ச் போட்டு ரீபூட் பண்றப்போ அது ராத்திரி 2 மணிக்கு வெடிக்கும். ஒரு தேர்வு இந்தப் பழக்கத்தை ஒருத்தருக்குள்ள ஏத்திவிடுதுன்னா, அது நல்ல தேர்வு.

குபர்நெட்டிஸ் பக்கம் சிகேஏ-வும் இதே ரகம். 2 மணி நேரம், டெர்மினல்ல நேரடி வேலை, 66 சதவீதம் எடுத்தா பாஸ். அதுல குபர்நெட்டிஸ் டாக்குமென்டேஷனைத் திறந்து பார்த்துக்கலாம். வேலையில நாம பார்த்துதானே செய்யறோம்! எங்க தேடணும்னு தெரியாதவங்களுக்கு அந்த 2 மணி நேரம் பத்தாது, அவ்வளவுதான். ஃபெயில் ஆனா ஒரு தடவை திரும்ப எழுத தனிக் காசு கிடையாது.

எல்எல்ஆர் வகை எல்லாம் வேஸ்ட்டுன்னு நான் சொல்லல. அது பாடத்திட்டமா நல்லா உதவும். எந்தெந்தத் தலைப்பு இருக்குன்னு ஒரு வரைபடம் கிடைக்கும். ஆனா அதுல பாஸ் ஆனதை மட்டும் வெச்சு ஒருத்தருக்கு வேலை தெரியும்னு யாரும் நம்பமாட்டாங்க.

கத்திப்பாராவுல மழை

சரி, எட்டு போட்டாச்சு, லைசென்ஸ் வந்தாச்சு. சாயங்காலம் 6 மணி, மழை, கத்திப்பாரா. பின்னாடி எம்டிசி பஸ் ஹாரன் அடிக்குது. அங்க ஓட்ட முடியுமா? அதை எந்த ஆர்டிஓவும் டெஸ்ட் பண்றதில்ல.

2017 ஜனவரி 31-ல கிட்லேப்ல நடந்ததைப் பாருங்க. அவங்களே எல்லாத்தையும் வெளிப்படையா எழுதி வெச்சிருக்காங்க. அவங்க டேட்டாபேஸுக்கு ரெண்டு சர்வர், ஒண்ணு மெயின், ஒண்ணு அதோட நகல். நகல் பின்தங்கிப் போச்சு. ராத்திரி நேரத்துல ஒரு இன்ஜினியர், நகல் சர்வர்ல இருக்கிற டேட்டா டைரக்டரியை அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிக்கலாம்னு கமாண்ட் அடிச்சார். அடிச்சது மெயின் சர்வர்ல. ஒண்ணு ரெண்டு செகண்ட்ல சுதாரிச்சு நிறுத்திட்டார். அதுக்குள்ள சுமார் 300 ஜிபியில மிச்சம் இருந்தது 4.5 ஜிபி.

பரவாயில்ல, பேக்கப் இருக்குமேன்னு போய் பார்த்தா, தினம் எடுக்கற பேக்கப் போற இடம் காலியா இருக்கு. டேட்டாபேஸ் 9.6 வெர்ஷன், பேக்கப் எடுக்கற டூல் 9.2 வெர்ஷன்ல ஓடிக்கிட்டிருந்திருக்கு. அதனால தினமும் பேக்கப் ஃபெயில் ஆகியிருக்கு. ஃபெயில் ஆனா மெயில் வரணுமே? மெயில் போயிருக்கு, ஆனா டிமார்க் சரியா அமைக்காததால அந்த மெயிலை ரிசீவ் பண்ற சர்வர் நிராகரிச்சிடுச்சு. கடைசியில காப்பாத்தினது, சுமார் 6 மணி நேரம் முன்னாடி வேற ஒரு டெஸ்ட்டிங் வேலைக்காக எடுத்து வெச்ச ஒரு ஸ்னாப்ஷாட். அந்த 6 மணி நேர டேட்டா போனது போனதுதான்.

இதுல ஒரு கமாண்ட் கூட அவங்களுக்குத் தெரியாத கமாண்ட் இல்ல. எந்தத் தேர்வு வெச்சாலும் அந்த டீம் பாஸ் ஆகியிருக்கும். "பேக்கப் ஃபெயில் ஆனா வர வேண்டிய மெயில் நிஜமா வருதா?"ன்னு ஒருத்தர் சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை எழுந்து போய் செக் பண்ணியிருக்கணும். சந்தேகப்படுற அந்தக் குணம் வேலையிலதான் வளரும்.

அப்போ யாருக்கு லாபம்?

இவ்வளவு சொல்லிட்டு, கம்பெனிகள் ஏன் இன்னும் சர்ட்டிஃபிகேட் கேக்குறாங்க? மூணு காரணம்.

ஒண்ணு, ஹெச்ஆர். ஒரு போஸ்டிங்குக்கு ரெஸ்யூமே குவியுது. அத்தனையையும் டெக்னிக்கல் ஆள் படிக்க முடியாது. அதனால ஹெச்ஆர் ஒரு வார்த்தையைப் போட்டுத் தேடுவாங்க. அந்த வார்த்தை உங்க ரெஸ்யூமேல இருந்தா உள்ள வருவீங்க. புதுசா வர்றவங்களுக்கும், சப்போர்ட்ல இருந்து மாறணும்னு நினைக்கிறவங்களுக்கும் இது நிஜமாவே உதவும். பத்து வருஷ அனுபவம் இருக்கிறவருக்கு இதோட தேவை ரொம்பக் குறைவு.

ரெண்டு, சில இடத்துல அது விதி. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2005-லயே ஒரு கையேடு போட்டு, தன்னோட சிஸ்டத்துல அட்மின் உரிமையோட வேலை செய்யறவங்க குறிப்பிட்ட சர்ட்டிஃபிகேட் வெச்சிருக்கணும்னு சொல்லிடுச்சு. காம்ப்டியாவோட செக்யூரிட்டி பிளஸ் அங்க அவ்வளவு பிரபலமா இருக்கறதுக்கு இது பெரிய காரணம்.

மூணாவது காரணம் நம்ம ஊர்ல நிறைய பேருக்குத் தெரியாது. மைக்ரோசாஃப்ட், ஏடபிள்யூஎஸ், சிஸ்கோ மாதிரி கம்பெனிகள் பார்ட்னர் திட்டம் வெச்சிருக்காங்க. உங்க ஐடி சர்வீஸ் கம்பெனி பார்ட்னரா மேல் நிலைக்குப் போகணும்னா, இத்தனை சர்ட்டிஃபைட் ஆட்கள் இருக்கணும்னு கணக்கு உண்டு. அதாவது நீங்க உங்க காசுல, உங்க தூக்கத்தைக் கெடுத்து வாங்கற சர்ட்டிஃபிகேட், கம்பெனியோட தகுதிப் பட்டியல்ல ஒரு எண்ணா சேருது. அதனால மேனேஜர்கிட்ட கூச்சப்படாம கேளுங்க, "எக்ஸாம் ஃபீஸ் ரீஇம்பர்ஸ் பண்ணுவீங்களா?" நிறைய இடத்துல பாலிசி இருக்கும், யாரும் சொல்ல மாட்டாங்க. பாண்ட் ஏதாவது போடச் சொன்னா மட்டும் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க.

மீட்டர் ஓடுது

இன்னொரு கணக்கும் இருக்கு. டிகிரி ஒரு தடவை வாங்கினா முடிஞ்சுது. இது அப்படியில்ல. ஆர்ஹெச்சிஎஸ்ஏ 3 வருஷம். ஏடபிள்யூஎஸ்ஸும் 3 வருஷம். சிகேஏ முன்னாடி 3 வருஷமா இருந்தது, 2024 ஏப்ரல்ல இருந்து 2 வருஷம். மைக்ரோசாஃப்ட்டோட அஷூர் அட்மின் சர்ட்டிஃபிகேட் ஒரே வருஷம், ஆனா அதை ஆன்லைன்ல ஓசியாவே புதுப்பிச்சுக்கலாம்.

அந்தப் புகழ்பெற்ற எம்சிஎஸ்இ என்ன ஆச்சு? அந்தத் தேர்வுகளை 2021 ஜனவரி 31-ஓட மைக்ரோசாஃப்ட் மூடிடுச்சு. தொழில்நுட்பம் மாறுது, அதனால காலாவதி நியாயம்தான்னு ஒரு பக்கம். திரும்பத் திரும்ப ஃபீஸ் வருதுன்னு இன்னொரு பக்கம். ரெண்டும் உண்மை. அதனால கண்ணுல பட்ட அஞ்சை சேர்த்து வெச்சுக்கறதை விட, இப்போ செய்யப் போற வேலைக்கு ஒண்ணு போதும்.

இன்டர்வியூவுல என்ன நடக்கும்?

ரெஸ்யூமேல லினக்ஸ் சர்ட்டிஃபிகேட் பார்த்தா, இப்படி ஒரு கேள்வி வர வாய்ப்பு அதிகம்: "டிஸ்க் ஃபுல்னு அலெர்ட் வந்திருக்கு. டிஎஃப் கமாண்ட் 100 சதவீதம்னு காட்டுது. ஆனா டியூ போட்டுக் கூட்டிப் பார்த்தா பாதி கூட வரல. மீதி இடம் எங்க போச்சு?"

டம்ப் படிச்சவர் இங்க முழிப்பார். வேலை செஞ்சவர் சிரிப்பார். பெரிய லாக் ஃபைலை யாரோ டெலீட் பண்ணியிருக்காங்க, ஆனா ஒரு புராசஸ் அதை இன்னும் திறந்து வெச்சிருக்கு. பேர் போயிடுச்சு, இடம் போகல. எல்எஸ்ஓஎஃப் போட்டா "டெலீட்டட்"னு காட்டும், அந்த புராசஸை ரீஸ்டார்ட் பண்ணா இடம் திரும்பி வரும். அடுத்து, "டிஎஃப்ல இடம் இருக்கு, ஆனாலும் ஃபைல் எழுத முடியல"ன்னு கேப்பாங்க. ஐநோட் தீர்ந்து போயிருக்கலாம். இதெல்லாம் ரெண்டு தடவை கையால அனுபவிச்சா வாழ்நாளுக்கும் மறக்காது.

வளையல் கேள்விக்கு என் பதில்

வைக்காதீங்க. ஆர்ஹெச்சிஎஸ்ஏ எழுதுங்க, ஆனா அந்த 60,000 ரூபாய் பேக்கேஜ் வேண்டாம்.

ஆர்ஹெச்சிஎஸ்ஏ எழுத எந்தக் கோர்ஸும் கட்டாயம் இல்ல. தேர்வுக்கு என்னென்ன தெரியணும்ங்கிற பட்டியல் ரெட் ஹேட் தளத்துலயே இருக்கு, அதுதான் உங்க சிலபஸ். லேபுக்கு ஒரு 8 ஜிபி ரேம் லேப்டாப், விர்ச்சுவல்பாக்ஸ், அதுல ரெண்டு மெஷின் போதும். ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் ரெண்டும் இலவசம். தனிநபர் டெவலப்பர் கணக்கு தொடங்கினா ரெட் ஹேட் லினக்ஸையே 16 மெஷின் வரைக்கும் இலவசமா ஓட்டலாம்.

நைட் ஷிஃப்ட்ல டிக்கெட் இல்லாத நேரம் கண்டிப்பா இருக்கும். வீட்டுல ஒரு மணி நேரம், வாரம் அஞ்சு நாள், மூணு நாலு மாசம். பட்டியல்ல ஒரு தலைப்பு எடுங்க, செய்யுங்க, ரீபூட் பண்ணிப் பாருங்க. அப்புறம் வேணும்னே உடைங்க. ரூட் பாஸ்வேர்டை மறந்த மாதிரி மாத்தி வெச்சு, பூட்டை இடைமறிச்சு உள்ள போய்ப் பாருங்க. இது தேர்வுப் பட்டியல்லயே இருக்கு. எஃப்எஸ்டேப்பைக் கெடுத்து, திரும்ப எழுப்புங்க. முழுப் பட்டியலையும் கடிகாரம் வெச்சு 3 மணி நேரத்துல ரெண்டு தடவை முடிக்க முடிஞ்சா மட்டும் எக்ஸாம் ஃபீஸ் கட்டுங்க. அந்த ஃபீஸையும் முதல்ல மேனேஜர்கிட்ட கேளுங்க.

ஆர்ஹெச்சிஇ-யை இப்போ தொட வேண்டாம். அது இன்னைக்கு முழுக்க ஆன்சிபிள், ஆட்டோமேஷன். வேலையில சேர்ந்து, ஒரே வேலையை இருபது சர்வர்ல கையால செஞ்சு சலிச்ச பிறகு படிச்சா தானா ஏறும். ஏடபிள்யூஎஸ்ஸும் அப்படித்தான்.

தனியா படிக்க வராது, வகுப்பு வேணும்னா அதுல தப்பே இல்ல. பணம் கட்டும் முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. எக்ஸாம் ஃபீஸ் இந்தத் தொகையில அடக்கமா? நான் தனியா கை வைக்கிற லேப் எத்தனை மணி நேரம்? பிளேஸ்மென்ட்னா என்னன்னு எழுத்துல தருவீங்களா? "ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் நாங்களே ஏற்பாடு பண்றோம்"னு யாராவது சொன்னா, அங்கேயே எழுந்து வந்துடுங்க. பேக்ரவுண்ட் செக்ல பிஎஃப் கணக்கைப் பார்த்தாலே அது வெளிய வந்துடும். வேலையும் போகும், பேரும் போகும்.

கடைசியா ஒண்ணு. உங்க ரெண்டு வருஷ சர்வீஸ் டெஸ்க்கை நீங்களே குறைச்சு மதிப்பிடாதீங்க. கோபமா இருக்கிற யூசர்கிட்ட பொறுமையா பேசி, பிரச்சினையை வார்த்தையில பிடிச்சு டிக்கெட்ல எழுதத் தெரியுது உங்களுக்கு. அது எந்த சிலபஸ்லயும் இல்ல. உங்க கம்பெனியிலயே லினக்ஸ் டீம் இருந்தா, அவங்க ஷிஃப்ட் லீட்கிட்ட போய், "பேட்ச்சிங் நடக்கற ராத்திரி பக்கத்துல உட்கார்ந்து பார்க்கலாமா?"ன்னு கேளுங்க. உள்ளுக்குள்ள மாறுறது, வெளிய தேடறதை விடப் பல நேரம் சுலபம்.

மத்த எல்லாருக்கும் ஒரு ஹோம்வொர்க். இந்த வாரம் உங்க பொறுப்புல இருக்கிற ஒரு பேக்கப்பை, அது ஆபீஸ் டேட்டாபேஸோ உங்க வீட்டு போட்டோவோ, வேற ஒரு இடத்துல ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க. திறக்குதா, இல்லையான்னு எனக்கு எழுதுங்க.

அடுத்த எபிசோட்ல ஆன்-கால் பத்திப் பேசலாம். ராத்திரி போன் அடிச்சா யார் எழுந்துக்கணும், அதுக்குக் காசு தரணுமா, வேண்டாமான்னு. அதுவரைக்கும், பை மக்களே!